கோவையில் ஓடுவது குன்னூரில் தெரிகிறது

ஜூலை 3, செவ்வாய்

காலையிலிருந்து சாரல், காற்று. பெட்போர்டு முக்கில் குடை மடங்கித் திரும்பிக்கொண்டது. புதுக் குடை வாங்க வேண்டும். (போன மாதமும் இதையே எழுதி வைத்திருக்கிறேன்.)

பக்கத்து அறை காலி. யூனிக்ஸ் என்கிற பெரிய கம்ப்யூட்டர் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக் கோவை தலைமை ஆபீஸுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ஆகிறது. இந்தக் கட்டடத்திலேயே கொஞ்சம் சூடு இருந்த அறை அதுதான். மதியம் டப்பாவைத் திறந்து அங்கேதான் சாப்பிடுவேன். இன்று என் மேசையிலேயே சாப்பிட்டேன். சோறு கல்.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். தேயிலை விலை படுத்துவிட்டது. ஏலத்துக்குப் போகிற லாட்டில் பாதி வாங்க ஆளில்லாமல் கிடக்கிறது. குன்னூர் ஆபீஸ் செலவைக் குறைக்க வேண்டுமாம். முதலில் பெரிய அறை. அப்புறம் யாரோ.

மதியம் மேனேஜர் சார் கூப்பிட்டுச் சர்க்குலரைக் காட்டினார். ஆகஸ்டிலிருந்து ஆபரேட்டர், இயந்திரம் இருக்கும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும். ஆபரேட்டர் என்றால் நான். அந்தப் புரோகிராமை ஓட்டத் தெரிந்தது இந்தக் கம்பெனியில் நான் ஒருத்திதான்.

"கோயமுத்தூரு நீங்க பொறந்த ஊர்தானுங்களே செல்வி. சந்தோசந்தான?" என்றார்.

சந்தோஷமாம். என் வீட்டுக்காரர் கூடலூர் ஃபாக்டரியில் டீமேக்கர், தூள் தயாரிப்பு இவர் பொறுப்பு. சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து, திங்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். நான் கோவை போனால் அதுவும் மாதம் ஒருமுறை என்றாகும். மகள் காவ்யா ஐந்தாவது படிக்கிறாள். அவளை எங்கே வைத்துக்கொள்வது, என்னோடா, அவரோடா? சர்க்குலரில் அதற்கெல்லாம் பத்தி இல்லை.

தினமும் காலையில் ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாகப் போன் செய்து, நேற்று வந்த இலை எவ்வளவு, ஆன தூள் எவ்வளவு என்று சொல்லும். நான் தட்டி ஏற்றுவேன். கூடலூர்தான் முதலில் வரும். புரோகிராமில் அதன் எண் 21. நாற்காலியில் உட்கார்ந்ததும் விரல் தானாக 21 அடிக்கும், அப்புறம்தான் நான் விழிப்பேன். அங்கே கிளார்க் பாலன் எல்லாம் சொல்லி முடித்ததும் இவர் போனை வாங்குவார். ஆபீஸில் பத்துக் காது இருக்கிறதே, அதனால் மரியாதையாக:

"மேடம், சரியா எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டனுங்க சார்."

"சாப்டாச்சுங்களா மேடம்?"

வார நாளில் எங்கள் குடும்பம் நடக்கிற லட்சணம் இவ்வளவுதான்.

இந்த ஒரு வாரமாகத் தட்ட இயந்திரம் இல்லை. காகிதத்தில் எழுதிக் கோவைக்கு ஃபேக்ஸ்.

சாயங்காலம் மீனாட்சி போன் செய்தாள். தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவு முழுவதும் அவள் ஒருத்திதான். அவள் குரலுக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். "அக்கா, நீங்க எதுக்கு கீழ வரோணும்? உங்க மேசைல இருக்கற விண்டோஸ் பொட்டியிலயே அத்தனையும் கொண்டாந்துரலாம்" என்றாள்.

எழுத்து மட்டும் வந்து என்ன பயன், அந்தப் புரோகிராம் படம் போடுவது, மௌஸால் அமுக்கினால்தான் நகரும் என்றேன்.

"படமும் வரும்க்கா. சிடி அனுப்பறன், இருங்க."

ஜூலை 4, புதன்

வெயில்! பத்து நிமிஷம்.

- புது மோடம் வயர் (கடைக்காரர் நாளை என்கிறார்)
- காவ்யாவுக்கு சாக்ஸ்
- மீனாட்சியின் பார்சல், கோவை பஸ் டிரைவரிடம்
- வர்க்கி
- குடை

பார்சல் வந்தது. டிரைவர் சிடியை டேஷ்போர்டில் வெயிலில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார். அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது. உள்ளே இரண்டு சிடி. ஒன்று எனக்கு. இன்னொன்றைக் கூடலூர் பஸ்ஸில் பாலனுக்குப் போட்டுவிடச் சொன்னாள். அங்கேயும் ஒரு விண்டோஸ் பெட்டி, ஒரு மோடம், இங்கே மாதிரியே அதற்குத் தனி லைன். பாலன் தினமும் காலை அதிலிருந்து கோவைக்கு டயல் போட்டு ஸ்டோர் கணக்கை அனுப்புகிறார்.

என் சிடியைப் பெட்டியில் போட்டேன். புரியவில்லை. மீனாட்சி போனில் சொல்லச் சொல்ல ஒன்று மட்டும் பிடிபட்டது, அதிலேயே இன்னும் நிற்கிறேன்.

சர்வர் எது என்று கேட்டாள். இதென்ன கேள்வி, கோவையில் இருக்கும் பெரியதுதான் என்றேன்.

"இல்லீங்க்கா. படம் விசயத்துல உங்க மேசைல இருக்கறதுதான் சர்வரு. இங்க இருக்கறது உங்ககிட்ட வந்து கேக்கும். நான் ஒரு கட்டம் போட்டுக்கட்டுமா, ஒரு கோடு போட்டுக்கட்டுமான்னு. நீங்க எடம் குடுத்தாத்தான் அது வரைய முடியும்."

அவ்வளவு பெரிய இயந்திரம். லாரியில் ஏற்ற ஆறு ஆள் பிடித்தது. அது என் மேசைக்கு வந்து அனுமதி கேட்குமாம். இந்த ஆபீஸில் என்னை யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை.

ஐந்து மணி வரை முயன்றும் வரவில்லை. டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று ஒரே வரியில் திட்டுகிறது, திரும்பத் திரும்ப. தப்பு செய்தால் வாய் விட்டுச் சொல்லிவிடுகிறது, அதுவரை நல்லது.

ஜூலை 5, வியாழன்

வந்தது. வந்தேவிட்டது!

முறையாக எழுதுகிறேன். மோடம் போட்டுக் கோவையைப் பிடித்தேன். உள்ளே நுழைந்தேன். டிஸ்ப்ளே எங்கே என்று சொல்லும் வரியை அடித்தேன். ஒவ்வொரு முறை நுழையும்போதும் இந்த வரி அடிக்க வேண்டும். படத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். பெட்டிக்கு ஒரு நீள எண், கடைசி மட்டும் மாறும். எனக்கு 12. கூடலூருக்கு 21. மறக்காமல் இருக்க ஃபாக்டரி எண்ணையே மீனாட்சி வைத்துவிட்டாள்.

திட்டிற்று. மீனாட்சி யோசித்துவிட்டு, "அக்கா, உங்க பக்கம் யாரு வந்தாலும் உள்ள விடுன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போடுங்க. பாலன் சாருக்கும் அதேதான் சொல்லியிருக்கறன்" என்றாள். போட்டேன்.

"இப்ப கடிகாரம் கேளுங்க."

கேட்டேன். மோடம் விளக்குகள் படபடவென்று அடித்தன. முதலில் ஒரு வெற்றுக் கட்டம். அதற்கு ஒரு விளிம்பு. வட்டம் முழுசாக வரவில்லை, புள்ளி புள்ளியாகச் சுற்றி வந்தது. அப்புறம் சின்ன முள், பெரிய முள். நின்றுவிட்டதோ என்று பார்க்கையில் பெரிய முள் ஒரு நிமிஷம் நகர்ந்தது.

மலைக்குக் கீழே, வெயிலில் இருக்கும் ஒரு ஊரில், ஒரு இயந்திரத்துக்குள் ஓடுகிற கடிகாரம். அது இங்கே என் மேசையில் மணி காட்டுகிறது. சுவர்க் கடிகாரத்தைவிட நான்கு நிமிஷம் முன்னால் ஓடுகிறது. அது இங்கத்திய மணி இல்லை, கோவை மணி.

ஓடிப்போய் மேனேஜர் சாரைக் கூட்டி வந்தேன். குனிந்து பார்த்தார். "கடிகாரமுங்களா? சொவத்துலயே இருக்குதே" என்றார். போய்விட்டார். இவரிடம் சொல்லி என்ன.

நான்கு மணிக்குக் காவ்யா பள்ளியிலிருந்து நேராக ஆபீஸ் வந்தாள். மீனாட்சி சொன்ன இன்னொன்றைத் திறந்து காட்டினேன். இரண்டு கண், வேறு எதுவும் இல்லை. மௌஸை எங்கே நகர்த்தினாலும் கருவிழி திரும்பி அங்கேயே பார்க்கிறது, கொஞ்சம் தாமதமாக. காவ்யா மௌஸைச் சுற்றினாள். கண் சுற்றிற்று. நிறுத்தினாள். நின்றது.

"ம்மா, இது எங்கிருக்குது?"

"கோயமுத்தூர்ல கண்ணு."

"அங்கிருந்து என்னயப் பாக்குதா?"

"உன்னய இல்ல. நீ மௌஸ எங்க வெச்சிருக்கறயோ, அது மட்டும் அதுக்குத் தெரியும்."

அவள் நம்பவில்லை. மானிட்டருக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் போன பிறகு நானும் எட்டிப் பார்த்தேன், அது வேறு விஷயம்.

ஜூலை 6, வெள்ளி

மூடுபனி. பகலிலேயே லைட்.

இன்று நிஜமான வேலை. கம்பெனிப் புரோகிராமையே திறந்தேன். மெதுவாகத்தான் வருகிறது. பட்டை பட்டையாக மேலிருந்து கீழே. டீ வாங்கி வந்து பாதி குடிப்பதற்குள் மெனு. குடித்து முடிப்பதற்குள் எழுத்து. அப்புறம் ஒவ்வொரு ஃபாக்டரித் தூளுக்கும் ஒரு கோடு, பச்சை, சிவப்பு, நீலம். போன வருஷம் வரை கோடு மேலே இருக்கிறது, அப்புறம் எல்லாம் சேர்ந்து இறங்குகிறது. பக்கத்து அறையில் அதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இன்று துண்டு துண்டாக வந்து சேர்ந்தபோதுதான் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணில் பட்டது. வேகமாகப் பார்க்கும்போது தெரியாதது.

மூன்று மணிக்கு லைன் விட்டுப் போயிற்று. திரையில் இருந்தது மொத்தமும் போயிற்று. அங்கே ஓடுகிற புரோகிராமும் செத்துவிடுமாம். மறுபடி முதலிலிருந்து.

மீனாட்சியிடம் ஒன்று கேட்டேன். ஆயுத பூஜைக்கு அந்த இயந்திரத்தின் நெற்றியில் நான் வைத்த சந்தனம் இன்னும் இருக்கிறதா?

"இருக்குதுங்க்கா. தொடைக்கல. தொடைச்சா ஓடாம போயிருமோன்னு பயம்" என்றாள். படித்தவள்.

சேதி: புதன்கிழமை சின்ன முதலாளி மேலே வருகிறார். பெரியவரின் மகன், வெளியில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவர் முன்னால் இது ஓடினால் சர்க்குலரை மாற்றிவிடலாம் என்று மீனாட்சி அவரிடம் பேசியிருக்கிறாள். ஓடாவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஜூலை 8, ஞாயிறு

நேற்று இவர் வந்தார். பஸ் ஊட்டியில் நின்று நின்று, சட்டை முழுக்க ஈரம். அந்த ஈரத்திலும் தூள் வாசனை. தலைமுடியில் டீத்தூள் பஞ்சு ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டேன்.

கூடலூரில் இலை வரத்து குறைந்துவிட்டதாம். சிறு விவசாயிகள் பறிப்பதையே விட்டுவிட்டார்கள், பறிக்கிற கூலிக்கே விலை காணவில்லை. வாரத்தில் மூன்று நாள்தான் ஃபாக்டரி ஓடுகிறது. மற்ற நாள் சும்மா இலை உருட்டும் ரோலரைத் துடைக்கிறாராம்.

நான் கடிகாரத்தையும் கண்ணையும் பற்றிச் சொன்னேன். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "புரோகிராம் கோயமுத்தூர்லயே இருக்குது, அதோட மூஞ்சி மட்டும் இங்க வருதுங்க" என்றேன். கேட்டுக்கொண்டே பூண்டு உரித்தார்.

அப்புறம் சொன்னார், "கீழ போறதுன்னா போயிரு செல்வி. இருக்கற வேலைய விட்றாத. என்றது எப்ப நிக்குமோ தெரியல."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. நான் இவ்வளவு பாடுபடுகிறேன், இங்கேயே இருக்க. இவர் வெகு சுலபமாகப் போ என்கிறார். பாத்திரத்தை டம்மென்று வைத்தேன். காவ்யா புத்தகத்தோடு வெளியே போய்விட்டாள்.

"நீங்களே தொரத்தறீங்களா?"

"தொரத்தறனா? நீ கீழ போயிட்டா காலைல நான் யாருகிட்டப் பேசறது? அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் தெனம் குளிச்சு, துணி மாத்தி, ஆபீசு ரூமுக்குப் போறன்."

போனில் பேச எதற்குக் குளிப்பது என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பூண்டு வாசத்தோடு சொன்னார். அழுதுவிட்டேன்.

ஜூலை 10, செவ்வாய்

நாலு முறை ஒத்திகை. நாலும் வந்தது. லைன் ஒருமுறைகூட விடவில்லை. மேனேஜர் சார் புது மேசைவிரிப்பு போடச் சொன்னார். சின்ன முதலாளிக்குச் சர்க்கரை இல்லாத டீயா, சர்க்கரையோடா என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டார். அவருக்கும் பயம். இங்கே ஆபீஸ் இருந்தால்தானே மேனேஜர்.

காவ்யாவுக்கு சாக்ஸ் வாங்கியாயிற்று. ஒரு சைஸ் பெரிது.

ஜூலை 11, புதன்

சந்தோஷமா, பயமா, தெரியவில்லை.

பத்து மணிக்கு வந்தார். ஜெர்க்கின், நனைந்த ஷூ. நல்ல மாதிரிதான். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் சார் பின்னால் நின்றார். வாசலில் மற்றவர்கள்.

மோடம் பிடித்தது. நுழைந்தேன். டிஸ்ப்ளே வரியை அடித்தேன். கூடலூர்க் கோட்டைத்தான் காட்டுவது என்று முன்பே முடிவு, அதுதான் சீக்கிரம் வரும். கட்டளையைக் கொடுத்தேன்.

ஒன்றும் வரவில்லை.

மோடம் விளக்கு சும்மா மினுக்குகிறது. காத்திருந்தோம். மறுபடி கொடுத்தேன். இல்லை. திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. தப்பு என்றால் திட்டும். இது வாயே திறக்கவில்லை. மூன்றாவது முறையும் கொடுத்தேன்.

"ஏனுங்க, வரமாட்டீங்குது?" என்றார் சின்ன முதலாளி.

"இப்ப வந்துருமுங்க."

"நேத்து நாலு தடவ வந்துச்சுங்க சார்" என்றார் மேனேஜர் சார். எனக்காகத்தான் சொன்னார், ஆனால் கேட்கக் கேவலமாக இருந்தது.

சின்ன முதலாளி மெதுவாக, "பரவால்லீங்க. மலைல லைனு இப்படித்தான். நீங்க பேசாம கோயமுத்தூர் வந்துருங்க, எல்லாம் ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றார். எழுந்துவிட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பினால் கண்ணில் தண்ணீர் தெரிந்துவிடும்.

போன். மேனேஜர் சார் எடுத்து, முகம் மாறி, என்னிடம் நீட்டினார். கூடலூர் பாலன். மலையாளமும் தமிழும் கலந்து ஒரே மூச்சில்:

"மேடம், இவிடெ ஸ்க்ரீன்ல தானா ஒரு படம் தொறந்து வருது. ஒண்ணில்ல, மூணு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு. சத்தியமா நான் ஒண்ணும் தொட்டில்ல மேடம்!"

வரியைப் பார்த்தேன். கடைசியில் 21.

என் விரல். உட்கார்ந்ததும் எத்தனை வருஷமாக அது அடிக்கிற எண். நேற்று ஒத்திகையில் யோசித்து யோசித்து 12 அடித்தேன். இன்று பயத்தில் யோசனை போய்விட்டது, விரல் தன் ஊருக்குப் போய்விட்டது. நான் குன்னூரில் உட்கார்ந்து கேட்டதைக் கோவை எடுத்து, கூடலூர் மேசையில் போட்டிருக்கிறது. ஸ்டோர் கணக்குக்காகப் பாலன் பெட்டியும் அந்நேரம் லைனில், அதிலும் யார் வந்தாலும் உள்ளே விடு என்றுதானே டிக்.

சொன்னேன். மறைக்கவில்லை, மறைக்கத் தெரியவும் இல்லை. "தப்பா அடிச்சுட்டனுங்க. கூடலூர்ல தொறந்திருச்சுங்க."

சின்ன முதலாளி நின்றார். போனை வாங்கினார். "படத்துல என்னங்க தெரியுது?" பாலன் சொல்வது எனக்கும் கேட்டது: பச்சைக் கோடு, கூடலூர், மேலே மாசம் பேரு, கீழே நாலு பட்டன். "ரெண்டாவது பட்டன அமுக்குங்க." கொஞ்ச நேரம். "வேற படம் வந்நு சார். ஏலம் வெல." அங்கே பாலன் அமுக்குகிறார், கீழே இயந்திரம் கேட்கிறது, மேலே அவருக்குப் படம் மாறுகிறது. இங்கே நாங்கள் மூன்று பேரும் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ஒரு பொருளும் நகரவில்லை. மூன்று ஊர்.

போனை வைத்துவிட்டு அவரும் என் மாதிரியே விழித்தார். படித்தவரையும் அது விடவில்லை, எனக்கு அப்போதும் அதில் ஒரு திருப்தி.

நான் சரியான எண்ணை அடித்தேன். என் திரையிலும் வந்தது, பட்டை பட்டையாக. ஆனால் அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அப்ப எங்க வேணும்னாலும் தொறக்குமுங்களா?" என்றார்.

மேனேஜர் சார் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவருக்கு என்னைவிட முன்னால் தெரிந்துவிட்டது. எனக்கும் அடுத்த நொடி தெரிந்தது. எங்கே வேண்டுமானாலும் திறக்கும் என்றால் குன்னூரில் ஆபீஸ் எதற்கு? இந்தக் கட்டடம் எதற்கு?

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. லைன் கிடைக்காதுங்க, கூடலூர் மழைக்கு நிற்காதுங்க என்று ஏதாவது.

"தொறக்குமுங்க" என்றேன்.

ஜூலை 13, வெள்ளி

ஃபேக்ஸ். குன்னூர் ஆபீஸ் மாதக் கடைசியோடு மூடப்படுகிறது. கட்டடம் திருப்பிக் கொடுக்கப்படும். மற்றவர்கள் கோத்தகிரி ஃபாக்டரிக்கும் கோவைக்கும். மேனேஜர் சாருக்கு முன்கூட்டியே ஓய்வு. ஆபரேட்டர், லைன் உள்ள எந்த இடத்திலிருந்தும் வேலை பார்க்கலாம், இடத்தைத் தெரிவிக்கவும்.

மூன்று முறை படித்தேன். எந்த இடத்திலிருந்தும்.

காலைப் போனில் பாலன் முடித்ததும் இவர் வாங்கினார். "மேடம், சரியா எழுதிக்கிட்டீங்களா?"

"சார், அங்க ஊட்ல ஒரு அலமாரி காலி பண்ணி வெயுங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால். பாலன் மறுபடி போனை வாங்கி, "டீமேக்கர் வெளிய போயி மேடம்" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஓடியிருப்பார்.

ஜூலை 14, சனி

மேனேஜர் சார் மேசையைக் காலி செய்கிறார். பேனா ஸ்டாண்டு, சாமி படம், ஒரு டப்பா நிறைய ரப்பர் ஸ்டாம்ப். என் முன்னால் வந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். நீ அன்று சும்மா இருந்திருந்தால் என்று.

"அந்தக் கடிகாரத்த இன்னொருக்கா தொறங்க பாக்கலாம்" என்றார்.

திறந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டம் வந்தது, விளிம்பு வந்தது, புள்ளி புள்ளியாக வட்டம் வந்தது. முள் வரும்வரை அசையவில்லை.

"இது எந்தக் கம்பியில வருதுங்க?"

"போன் கம்பியிலதானுங்க சார். நம்ம பேசற அதே மாதிரிக் கம்பிதான்."

"அடேங்கப்பா" என்றார். முள்ளைப் பார்த்துக்கொண்டே, "நான் இந்த ரூமும் பீரோவும்தான் கம்பெனின்னு இருந்துட்டனுங்க செல்வி" என்றார். கோபமாக இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. என் வீடு கூடிற்று, அவர் நாற்காலி போயிற்று. இரண்டும் என் ஒரு விரலில். மன்னிப்பு கேட்கவும் முடியவில்லை, தப்பு என்று எதைச் சொல்வது. டீ வாங்கி வந்து கொடுத்தேன். சர்க்கரை போட்டு.

ஜூலை 22, ஞாயிறு

கட்டும் சாமான்:
- பாத்திரம் ஒரு மூட்டை (குக்கர் மேலாக)
- காவ்யா புத்தகம், டி.சி.
- கம்பளி எல்லாம். கூடலூரில் இவ்வளவு தேவைப்படாது, இருந்தும்
- என் விண்டோஸ் பெட்டி, பழைய சேலை சுற்றி

காவ்யா பேசுவதில்லை. நடுவருஷத்தில் பள்ளி மாற்றினால் எந்தப் பிள்ளைதான் பேசும். "அங்க அப்பா இருக்கறாரு கண்ணு" என்றேன். "அப்பாவ வெச்சு ரிங்கா ரிங்கா ஆட முடியுமா?" என்றாள். நியாயம்தான். இவரைக் கேட்டால் ஆடுவார்.

ஆகஸ்ட் 2, வியாழன், கூடலூர்

மழை. குன்னூரில் பெய்ததெல்லாம் மழையே இல்லை. தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் பாலன் சொல்வது கேட்பதில்லை, எழுதிக் காட்டுகிறார்.

ஃபாக்டரி ஆபீஸ் அறையில் ஒரு மூலை எனக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் இலை உலர்த்தும் டிரையர். சுவரே வெதுவெதுப்பு. முதுகைச் சாய்த்துக்கொண்டே வேலை பார்க்கலாம். ஆனால் நேற்றும் முந்தாநாளும் டிரையர் ஓடவில்லை. இலை வண்டி வரவில்லை. சுவர் ஜில்லென்று இருந்தது.

இன்று காலை பத்துக்கு மோடம் பிடித்தது. 21 அடித்தேன், இப்போது அதுதான் சரி. மற்ற ஃபாக்டரிகள் இங்கேதான் போன் செய்கின்றன. கோத்தகிரி ஆள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து.

இவர் வந்தார். வேலை இல்லாததால்தான் வந்தார், வாயால் சொல்லவில்லை. கதவுக்கருகே நின்று பார்த்தார். இத்தனை நாள் நான் கையை ஆட்டிச் சொன்னதை இன்றுதான் முழுசாகக் கண்ணால் பார்க்கிறார். கட்டம் வந்தது. பட்டை பட்டையாக இறங்கியது. மெனு வந்தது. பச்சைக் கோடு, இந்த ஃபாக்டரிக் கோடு, இடமிருந்து வலமாக நகர்ந்து வந்து, கீழே இறங்கி நின்றது. பக்கத்தில் வந்து முழங்காலில் கைவைத்துக் குனிந்தார். திரையைத் தொடப் போனவர் தொடாமல் விரலை எடுத்துக்கொண்டார்.

"இது இப்ப எங்கிருக்குது?"

"கோயமுத்தூர்லீங்க."

"அங்கிருந்து வந்து இங்க வரையுதா?"

"நான் எடம் குடுத்தா வரையும்."

"நாளைக்கு நீ வேற ஊருக்குப் போயிட்டயின்னா?"

"அங்க தொறக்கும்."

"எங்க போனாலும்?"

"எங்க போனாலும்ங்க."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம், காவ்யா அந்தக் கண்ணைப் பார்த்த மாதிரி. எனக்குப் பெருமையாக இருந்தது, நானே கண்டுபிடித்த மாதிரி. அப்புறம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

"அந்த டிரையர, ரோலர, இப்படி வேற எங்கயாச்சும் தொறக்க முடியுமா செல்வி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் நானும் சுவரில் கை வைத்தேன், ஜில்லென்றுதான் இருந்தது.

வெளியே ஹாரன். இலை வண்டி. கூரைச் சத்தத்தையும் மீறி இரண்டு முறை அடித்தான். இவர் ஓடினார், செருப்புகூடப் போடாமல்.